கமராவும் கமக்காரரும்



நம் வீட்டுச் சுவர்களிலும் பெட்டிகளிலும் இருக்கின்ற ஒளிப்படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திருமணப் படம் இருக்கும். பட்டம் பெற்ற பிள்ளையின் படம் இருக்கும். மறைந்த பெரியவரின் படம் மாலையோடு தொங்கும். ஆனால், அந்தப் பெரியவர் மண்வெட்டி பிடித்து நின்ற படம் ஒன்று இருக்கிறதா? அந்த வீட்டு அன்னை வெங்காயம் நட்ட படம் இருக்கிறதா? பெரும்பாலும் இராது. ஓர் ஆண்டிலே நாம் புத்தாடை உடுத்தும் நாட்கள் பத்து என்றால், உழைக்கும் நாட்கள் முந்நூறு. பத்து நாட்களுக்குச் சாட்சி உண்டு. முந்நூறு நாட்களுக்குச் சாட்சி இல்லை. நம்மை வாழவைத்த தொழில் நம் படங்களில் இடம்பெறவில்லை.

இவ்வெண்ணம் புத்தகம் படித்து எனக்கு வந்ததன்று. முன்னேற்பாடு எதுவுமின்றி, கையில் ஒரு கமராவோடு, ஒரு தோட்டத்தினுள் ஒன்றரை மணி நேரம் தங்க நேர்ந்ததால் வந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்டதையும் கேட்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை அது. பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறும் காலம். அயற் பாடசாலை ஒன்றின் போட்டிக்கு விருந்தினனாகச் சென்று, பலாலி வீதி வழியே மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். உரும்பிராய்க்கும் புன்னாலைக்கட்டுவனுக்கும் இடையே பின்சில்லு காற்றிழந்தது. இறங்கி நின்ற இடத்தில், வேலிக்கு அப்பால், நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். முழங்கால் வரை செம்மண். தலையில் ஒரு துவாய்.

"என்ன தம்பி, காத்துப் போட்டுதோ? வெயிலுக்கை நிக்காதையுங்கோ, உள்ளுக்கை வாங்கோ" என்றார்.

பத்தாந் தரத்தில் படிக்கும் தம் பேரனைச் சந்தியிலுள்ள சில்லுத் திருத்துபவரை அழைத்துவரச் சைக்கிளில் அனுப்பினார். நான் யாரென அறிந்தபின் 'தம்பி' என்ற விளி 'சேர்' என்று மாறிற்று. எனக்குத் 'தம்பி' என்பதே இனிமையாக இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. ஆசிரியருக்கு மரியாதை கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை.

எட்டுப் பரப்புத் தோட்டம் அது. ஏக்கர்க் கணக்கிலே சொன்னால் சரி அரை ஏக்கர். ஒரு பக்கம் வெங்காயப் பாத்திகள், மறுபக்கம் புகையிலை, வரம்போரமாகக் கதலி வாழை. சுற்றிலும் சீமைக்கிளுவைக் கதியாலும் பூவரசும் நிற்கும் வேலி. நடுவிலே கிணறு. கிணற்றோரத்தில், பயன்பாடு ஒழிந்தும் அகற்றப்படாத பழைய துலாவும் ஆடுகாலும் நின்றன. மாலை வெயில் துலாவின்மீது பட்டு, அதன் நிழல் பாத்திகளுக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. படமெடுப்பவன் எவனும் தப்பவிடாத காட்சி. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கமராவைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

"அந்தத் துலாவைத்தான் வாறவையெல்லாம் எடுக்கினம், சேர். அது சும்மாதானே நிக்குது. வேலை செய்யிறதை எடுங்கோவன்" என்றார் அவர்.

நேயர்களே, நம் நாட்டுப்புறத்தைப் படமெடுக்கும் பலருக்கும் இது பொருந்தும். அழகு என்று நாம் தேடிப் போவது பெரும்பாலும் ஓய்ந்துபோன பொருள்களையே. ஓடாத வண்டி, இறைக்காத துலா, இடிந்த சங்கடப் படலை. அவற்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அருகிலே குனிந்து நிற்கும் மனிதனின் முதுகு நம் கண்ணிற் படுவதில்லை. வேலை செய்வதை எடு என்று அவர் சொன்னபின், எதை எடுக்கவேண்டும் என்பதையும் அவரே காட்டினார். நான் பொத்தானை அமுக்கினேன். அவ்வளவே என் பங்கு.

அவர் முதலிலே காட்டியது தண்ணீர் மாறுதல். இயந்திரம் இறைக்கும் நீர் வாய்க்கால் வழியே ஓடிவருகிறது. ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறக்கவேண்டும். பார்ப்பதற்கு எளிய வேலை. ஆனால், பாத்தி நிறைந்ததோ இல்லையோ என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை, பாதத்தால் அறிந்தார். வாய்க்காலில் நின்ற காலுக்கு நீரின் வேகம் குறைவது தெரியும் என்றார். மண்வெட்டி ஒரே வெட்டில் ஒரு வாயை மூடி மறு வாயைத் திறந்தது. வரம்பு கரையவில்லை, ஒரு வெங்காயமும் சாயவில்லை. அந்தக் காலையும் மண்வெட்டியையும் நீரையும் படமெடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் பாதம் அறிந்ததைப் படம் அறியாது. அவர் சொல்லியிராவிட்டால் நானும் அறிந்திருக்கமாட்டேன்.

அடுத்து அவர் மண்ணைக் காட்டினார். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் வளத்தை வியந்து பேசாதார் இல்லை. இயற்கை தந்த கொடை என்று நாமும் வகுப்பறையில் சொல்லிவிடுகிறோம். அவர் கருத்து வேறு. "மண் தானா வாறேல்லை, சேர். நாங்கள் போட்டதுதான் மண்" என்றார். உண்மைதான். சுண்ணக்கற் பாறையின்மேற் கிடக்கும் இச்செம்மண் நீரை விரைவிலே கீழே இறங்கவிடும். போட்ட பசளையையும் நீரோடு இழக்கும். ஆதலின் நம் முன்னோர் ஆண்டுதோறும் அதற்கு உணவூட்டினர். வேலியிலே நிற்கும் பூவரசு நிழலுக்காக மட்டும் நிற்கவில்லை. அதன் குழையை வெட்டி, மண்ணைக் கிண்டித் தாழ்த்தினர். பழைய பனையோலையையும் தாழ்த்தினர். அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டி அடைத்து, அதன் எருவை மண்ணுக்குக் கொடுத்தனர். வேலி, ஆடு, பனை, தோட்டம் ஆகிய நான்கும் ஒரே கணக்கேட்டின் நான்கு பக்கங்கள். வேலி மதிலாக மாறும்போது ஒரு பக்கம் கிழிந்துபோகிறது. மதில் கட்டுவோர் பலருக்கு இது தெரிவதில்லை.

மூன்றாவதாக அவர் என்னைக் கிணற்றுக் கட்டுக்கு அழைத்துச் சென்றார். உட்சுவரில், உளியாற் கொத்தியதுபோன்ற கீறல்கள் பல, ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணப்பட்டன. ஆண்டுதோறும் புரட்டாதிக் கடைசியில், மாரிமழை தொடங்குமுன், நீர் நின்ற மட்டத்தை அவருடைய தந்தையார் கீறி வைத்தாராம். அவருக்குப் பின் இவர் கீறி வருகிறார். எழுத்தில்லை, இலக்கமில்லை. இருப்பினும் ஒரு குடும்பம் தன் நீருக்கு எழுதிய வரலாறு அது.

இக்கீறல்களின் பொருளைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தின் கீழே தங்குகிறது. அந்த நன்னீருக்குக் கீழே இருப்பது கடலின் உவர்நீர். நன்னீர் எடை குறைந்ததாதலால் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. இதிலே ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்து அந்நிலை நீடித்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவர வழி திறக்கும். கிணற்றுச் சுவரில் ஒரு கீறல் இறங்குவது சிறு செய்தியன்று.

துலாக் காலத்தில் இந்த அபாயம் இருந்ததில்லை. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, ஒருவர் தண்ணீர் மாற, மூவர் சேர்ந்து உழைத்தாலன்றி நீர் மேலே வராது. மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆயினும், துலாக் காலம் பொற்காலம் என்று சொல்ல அந்தப் பெரியவர் உடன்படவில்லை. தாம் பள்ளிக்குச் செல்லுமுன் விடியற் பொழுதில் தண்ணீர் மாறியதையும், துலா மிதித்த தந்தையாரின் முழங்கால் பிற்காலத்தில் மடக்கமுடியாமற் போனதையும் சொன்னார். "இயந்திரம் நல்லது, சேர். நிப்பாட்டத் தெரிஞ்சவன்ரை கையிலை இருந்தா நல்லது" என்றார்.

நிற்க. கிணற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் எடுத்த படத்தில் அந்த நீர் பளிங்குபோலத் தெளிந்து காணப்படுகிறது. ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவுக்கு மேலே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதியுள்ளனர். அளவுக்கு மிஞ்சிய இரசாயன உரமும் கிணற்றுக்கு அருகே அமைந்த மலசலக் குழிகளும் இதற்குக் காரணமாகும். சிறப்பாக, புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் பச்சைக் குழந்தைகளுக்கு இது தீங்கு செய்யும்; குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கிறது. நிறமில்லாத, மணமில்லாத இந்தக் குற்றத்தை எந்தக் கமராவும் பிடிக்காது.

உரத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் 2021ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார். அவ்வாண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், ஆண்டு முடியுமுன் அத்தடை நீக்கப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். "பழக்கினதும் எங்களை, ஒரே நாளிலை மறக்கச் சொன்னதும் எங்களை. மண்ணுக்கும் கொஞ்ச அவகாசம் குடுக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். உரம் வேண்டும் என்றும் அவர் வாதாடவில்லை. வேண்டாம் என்றும் வாதாடவில்லை. குழையும் எருவும் மீண்டும் மண்ணைப் பழக்க ஆண்டுகள் செல்லும் என்பதே அவர் சொன்னதன் பொருள்.

இதற்குள் அம்மையார் தேநீர் கொண்டுவந்தார். வீட்டைப் பார்த்து, நல்ல கல்வீடு என்றேன். "இது மிளகாய் கட்டின வீடு, சேர்" என்றார். 1970க்கும் 1977க்கும் இடையே, மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் செழித்தன. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது; வெளிநாட்டு விளைபொருளும் வந்தது; விலை வீழ்ந்தது. மிளகாய் கட்டிய வீட்டுக்கு அதன்பின் ஓர் அறைகூட மிளகாயாற் சேரவில்லை.

அம்மையார் கமராவைப் பார்த்துக்கொண்டே சிறிது தயங்கி நின்றார். பிறகு, தங்கள் இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். அவர்களுடைய திருமணப் படம் இப்போது இல்லை. 1995 ஐப்பசி மாதத்தில், ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த அந்த மழை இரவில் அவர்களும் பெயர்ந்தனர். "பெட்டியைச் சைக்கிளிலை வைக்கிறதோ, மாமியை வைக்கிறதோ? மாமியை வைச்சம்" என்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, துலா இருந்தது, பெட்டி இல்லை. இளமையில் தாம் எப்படி இருந்தோம் என்பதைப் பேரனுக்குக் காட்ட அவர்களிடம் ஒரு படமும் இல்லை. அடையாள அட்டையிலுள்ள படந்தான் அவர்களிடம் இருந்த மிகப் பழைய படம்.

அம்மையார் உள்ளே சென்று சேலை மாற்றி வந்தார். பெரியவரையும் கால் கழுவி, மேற்சட்டை அணியும்படி சொன்னார். அவர் மறுத்தார். "இந்தக் காலோடைதானே சீவிச்சது. இதோடையே எடுக்கட்டும்" என்றார். சிறிது நேரம் இருவருக்கும் வழக்கு நடந்தது. ஈற்றில் இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்றில் அவர் வெள்ளைச் சட்டையோடு, கால் கழுவி, அம்மையாரின் விருப்பப்படி நிற்கிறார். மற்றதில் வாய்க்காலிலே, செம்மண் காலோடு, மண்வெட்டி பிடித்து நிற்கிறார். அம்மையார் வரம்பிலே, மாற்றிய சேலையோடு, சிரித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டும் உண்மையே. விழா நாளுக்கு ஒன்று, வேலை நாளுக்கு ஒன்று.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் யூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கில அம்மையார், 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். அவருடைய குடும்பத்துக்கு இந்நாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறைப் பகுதியிலும் தோட்டங்களிலும் உழைத்த எளிய மக்களை அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களும் அறிஞர்களும் பெயரோடு அறியப்படுகின்றனர். இலங்கையில் அவர் எடுத்த உழைப்பாளர்களோ பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். முகங்கள் நூற்றாண்டைக் கடந்து வந்துவிட்டன; பெயர்கள் வரவில்லை. படம் எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரு வாரங்களின் பின் அப்படங்களைத் தாளிலே பதித்து எடுத்துச் சென்றேன். பேரனிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஆள், ஊர், ஆண்டு, செய்யும் வேலை ஆகியவற்றை எழுதச் சொன்னேன். முதற் படத்தின் பின்னே 'அப்பப்பா தண்ணீர் விடுகிறார்' என்று எழுதினான். "விடேல்லையடா, மாறுறன்" என்றார் பெரியவர். பையன் 'மாறுகிறார்' என்று திருத்தினான், பிறகு, "ஏன் அப்பப்பா மாறுறது எண்டு சொல்லுறது?" என்று கேட்டான். அங்கே ஒரு பாடம் தொடங்கியது. குழை என்ன குழை, எத்தனை கட்டு, எந்த மாதம் என்று கேள்விகள் தொடர்ந்தன. விவசாய பாடத்தில் பசுந்தாட்பசளைக்கு வரைவிலக்கணம் எழுதி முழுப் புள்ளி வாங்கக்கூடிய அப்பிள்ளைக்கு, தன் வீட்டு வேலியே அப்பசளை என்பது அன்றுதான் தெரியவந்தது. பேரன் படித்து உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பதே பெரியவரின் விருப்பம். அதை நான் குறைகூறேன். ஆனால், உத்தியோகத்துக்குப் போகும் பிள்ளையும் அந்தக் கிணற்றுக் கீறல்களை வாசிக்கத் தெரிந்து போகட்டும். அவற்றைக் கீற இன்று இருப்பவர் ஒருவர். அவருக்குப் பின் யார்?

நேயர்களே, இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் கமரா இருக்கிறது, கைத்தொலைபேசியினுள்ளே இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு காரியம் செய்யும்படி உங்களை வேண்டுகிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ, கைத்தொழில் ஒன்றை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் செய்தவர் ஒருவர் இருப்பார். தோட்டக்காரராயினும், வலை பின்னுபவராயினும், கிடுகு இழைப்பவராயினும், அவரிடம் சென்று முதலில் அனுமதி கேளுங்கள். அவர் ஆயத்தமாக நிற்கும் படம் ஒன்றும், வேலை செய்யும் படம் ஒன்றும் எடுங்கள். எதை எடுக்கவேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் தொழிற் சொற்களை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் இருக்கும் படம் தொலைபேசியோடு போய்விடும். ஆதலால் தாளிற் பதித்து, பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். மற்றொன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டுப் பெட்டி தொலைந்தாலும் மறுவீட்டுப் பெட்டி இருக்கும் என்பது நம் மக்கள் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது தொழில்களின் பதிவு ஓராண்டில் நம் பாடசாலை நூலகத்தில் சேரும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. தாளும் பேனாவும் கேட்டறியும் பொறுமையும் போதும். எடுக்கும் படத்துக்கு அழகு குறைந்தாலும் குற்றமில்லை, பெயர் குறையாதிருக்கட்டும்.